வியாழக்கிழமை போர்டு

“இன்னும் ஒரு வாளி,” என்றாள் ஜெயசீலி.

அவள் கணவர் வேதசிரோமணி கிணற்றடிக் கல்லில் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்கழி மாதம். செம்பாக்கம் ஏரியிலிருந்து கிளம்பிய பனி கொல்லைப்புறத்து முருங்கை மரத்தைப் பாதி மறைத்திருந்தது. பச்சைத் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்ததும் அவர் வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். மூக்கு வழியாக இழுப்பது மார்கழியில் அவருக்கு நடக்காத காரியம்.

“போதுமா டீச்சர்?”

“போதும்னு நான் சொல்லணும், நீங்க இல்ல.”

“பட்டாளத்துல எங்க சுபேதார்கூட இந்தக் கொடுமை பண்ணதில்ல.”

“அவர் உங்கள நல்லா கவனிச்ச லட்சணந்தான் இந்த மூக்கு. தலையத் துவட்டாதீங்க. அப்படியே காயட்டும்.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. துண்டைத் தோளில் மட்டும் போட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு வீட்டுக்குள் போனார். ஜெயசீலி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றாள். இன்று செவ்வாய். நாளை ஒரு நாள். வியாழக்கிழமை போர்டு முடிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

பட்டாளத்தில் உடம்பு கெட்டு வெளியே வந்தவர்களைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்து, ஊனம் இன்னும் இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். இருபதுக்குக் கீழே போனால் ஊன பென்ஷன் நின்றுவிடும். கை போனவனுக்கும் கால் போனவனுக்கும் இதில் சிக்கல் இல்லை. போன கை திரும்ப முளைப்பதில்லை. மூக்கு அப்படி அல்ல. சைனஸ் ஒரு நாள் ஆளை உட்காரவிடாமல் அடிக்கும், இன்னொரு நாள் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

வேதசிரோமணிக்கு அது லடாக்கில் வந்தது. சீனச் சண்டை நடந்த வருஷம், பனிக்குள் தோண்டிய பதுங்கு குழியில், மண்ணெண்ணெய் அடுப்புப் புகைக்கு நடுவே, ஒயர்லெஸ் பெட்டியின் முன்னால் குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். வெளியே தலை நீட்டினால் குளிர், உள்ளே இழுத்தால் புகை. மலையை விட்டு இறங்கும்போது நெற்றிக்குள் ஒரு கல்லைச் சுமந்துகொண்டு இறங்கினார். பட்டாள ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் ஊசி விட்டுக் கழுவினார்கள். கல் சில மாதம் போய், திரும்பி வந்தது. கடைசியில் ஹவில்தார் வேதசிரோமணியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போன போர்டு சித்திரை வெயிலில் வந்தது. அந்த மாதத்தில் அவருடைய மூக்கு ஊரில் உள்ள எல்லார் மூக்கையும் போல இருக்கும். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்டார். “இன்னைக்கு நல்லா இருக்கு சார்” என்று இவர் சொன்னார். டாக்டர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதினார். பென்ஷன் நின்றது.

மின்சார ரயிலில் வீடு திரும்பி இதை அவர் சாவதானமாகச் சொன்னபோது ஜெயசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நல்லா இருக்குன்னு சொன்னீங்களா?”

“இருந்துச்சே.”

“மார்கழியில வந்து பாருங்க சார்னு சொல்லியிருக்கலாம்ல?”

“அது அவர் கேக்கலையே ஜெயா.”

அப்பீல் எழுத எலியேசர் உதவினார். லடாக்கில் அதே பதுங்கு குழியில் அடுத்த ஷிப்டு பார்த்தவர். இப்போது ஏரிக்கரைப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார், ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பீலுக்குப் பதில் வந்தது. மறு போர்டு மார்கழியில்.

“கர்த்தர் இந்தத் தடவை மாசத்தப் பார்த்துக் குடுத்திருக்கார்,” என்றார் வேதசிரோமணி. ஜெயசீலியும் அப்படித்தான் நினைத்தாள், தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் லோகநாதனைப் பார்க்கும்வரை. அவரும் பட்டாளத்து ஆள்தான், லாரி ஓட்டியவர். காது கேட்காததற்குப் பென்ஷன் வாங்குகிறார். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் போர்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

“இன்னா டீச்சரம்மா நீங்க,” என்றார் அவர். “தெனம் ரெண்டு வேளை ஆவி புடிக்க வெச்சி, தைலம் தடவிகினு அனுப்பினா மூக்கு ஜம்முனு கீது. அவன் இன்னா எய்துவான்? போர்டுக்குப் போறவன் சொகமா போவக் கூடாது. ஒரு வாரம் ஆவிய நிறுத்துங்க. பச்சத் தண்ணில தல குளிப்பாட்டுங்க. தயிர் சோறு போடுங்க. அப்பால மூக்கே பேசும்.”

“அது தப்பில்லையா?”

“இல்லாத நோவ இருக்குன்னா சொல்றோம்? கீற நோவ எய்ப்பி வுடுறோம், அவ்ளோதான்.”

ஜெயசீலி கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காப்பி அடிக்கும் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள். ஆனாலும் லோகநாதன் சொன்னது அவளுக்குச் சரியாகவே பட்டது. இருக்கிற வியாதி, டாக்டர் பார்க்கிற நேரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும், இதில் பொய் எங்கே வந்தது? போன வாரமே அவள் ஆவி பிடிக்கும் அலுமினியக் குண்டானைப் பரணில் ஏற்றினாள். நீலகிரித் தைலத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாள். “சரி, உன் இஷ்டம்” என்றார் அவர். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ராத்திரிகள்தான் கஷ்டமாக இருந்தன. படுத்தால் மூச்சு முட்டும் என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். வாயைத் திறந்து அவர் மூச்சு விடும் சத்தம் அவளைத் தூங்க விடவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் பரணைப் பார்த்தாள். வியாழன் வரைக்கும்தானே என்று திரும்பிப் படுத்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தயிர் சாதத் தட்டு காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. வேதசிரோமணி மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார்.

“எலியேசர் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“தெனம் என்ன அங்க?”

“போர்டுல என்ன கேப்பாங்க, என்ன சொல்லணும்னு ரிகர்சல். அவன் டாக்டர், நான் நோயாளி. எலியேசர் நல்லா மெரட்டுறான்.”

“இந்தத் தடவையாவது நல்லா இருக்குன்னு சொல்லித் தொலைக்காதீங்க.”

அவள் பரீட்சை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தாள். விளக்கு ஏற்றும் நேரத்துக்கு அவர் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. நெற்றியும் காதோரமும் ஈரமாக இருந்தன. கையை வைத்துப் பார்த்தாள், சுட்டது. காய்ச்சல் தொடங்கிவிட்டது என்று நினைத்தாள். பயமாக இருந்தது. கூடவே, போர்டுக்கு இது நல்லதுதான் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“படுத்துக்கறீங்களா?”

“இல்ல, இப்படியே உக்கார்றேன். நீ வேலையப் பாரு.”

சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டார். ஏரோப்ளேன் ஒன்று விமானப்படைத் தளத்தைப் பார்த்துத் தாழ்வாகப் போனது. அது போகும்வரை காத்திருந்து, “ரமா வீட்டுல காப்பிக்கொட்டை வறுக்கறாங்க போல” என்றார்.

“ம்,” என்றாள் அவள், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. அவள் மூன்றாம் வகுப்புக் கணக்குகளைத் திருத்தி முடித்து, மைப்புட்டியை மூடி, “சாதம் போடட்டுமா?” என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். அறை அமைதியாக இருந்தது. ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடாத அந்த மூச்சுச் சத்தம் இல்லாத அமைதி.

பக்கத்து வீட்டு ரமாவின் கணவர் ஸ்ரீநிவாசன் சைக்கிளில் போய் டாக்டர் பத்ரிநாராயணனை அழைத்து வந்தார். டாக்டர் வெகுநேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

“ஹார்ட்டும்மா. உக்காந்தபடியே போயிட்டார். தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.”

“காய்ச்சல் இருந்துச்சு டாக்டர். மூக்கு அடைச்சு, மூச்சு விட முடியாம…”

“மூக்கு அடைச்சா மனுஷன் வாயால மூச்சு விடுவாம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஹார்ட்.”

ஜெயசீலி கேட்க நினைத்தது வேறு. பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றினால்? ஒரு வாரம் விடாமல் ஊற்றினால்? ஈரத்தைத் துவட்டாமல் விட்டால்? அதைச் சொல்லாமல் டாக்டரின் பதிலை எப்படி நம்புவது? நோயைப் பாதி சொன்னால் டாக்டரும் பாதிதானே பார்ப்பார்? ஸ்ரீநிவாசன் பக்கத்தில் நின்றார். ரமா அவள் தோளைப் பிடித்திருந்தாள். அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை செங்கல்பட்டிலிருந்து மகள் சாராள் முதல் ரயிலில் வந்துவிட்டாள். சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்து பெஞ்சு போட்டார்கள். லோகநாதன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, யாரும் கேட்காமலே பெட்டி செய்யச் சொல்லிவிட்டு, கல்லறைத் தோட்டத்துக்கு ஆளை அனுப்பிவிட்டு, கொல்லைப்புறத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். உடம்பைக் குளிப்பாட்ட வேண்டும். இரண்டு வாளி தண்ணீர் இறைத்து வைத்திருந்தார்.

ஜெயசீலி எழுந்து வந்து வாளியைப் பார்த்தாள்.

“வெந்நீர் போடுங்க,” என்றாள்.

“டீச்சரம்மா, இனிமே வெந்நீர் எதுக்கு. அல்லாரும் காத்துகினு கீறாங்க…”

“வெந்நீர்தான்.”

லோகநாதனுக்குக் காது கேட்காதது பென்ஷனுக்கு மட்டும்தான் என்று ஊருக்கே தெரியும். இந்தச் சொல் அவருக்கு நன்றாகவே கேட்டது. ஒரு கணம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு போய், தவலையை அடுப்பில் ஏற்றி, விறகை வைத்து ஊத ஆரம்பித்தார். பனியில் நனைந்த விறகு. புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. சர்ச் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெயசீலி நகரவில்லை. தண்ணீர் ஆவி விடும்வரை நின்று, விரலை விட்டுப் பார்த்து, கொஞ்சம் விளாவி, “இப்ப ஊத்துங்க” என்றாள்.

“தலையை நல்லா துவட்டுங்க,” என்றாள் பிறகு.

போர்டுக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையும் சாம்பல் பேண்டும் நாற்காலி முதுகில் தயாராகத் தொங்கின. அதையே போட்டார்கள்.

வந்தவர்களுக்குக் காப்பி போடப் பெரிய பாத்திரம் தேடி சாராள் பரணில் ஏறினாள். மேலிருந்தே அவள் குரல் வந்தது.

“அம்மா, அப்பா ஆவி புடிக்கிற குண்டான் ஏன் இங்க கெடக்கு? மார்கழியில இது கீழதான இருக்கும்?”

சாராள் குனிந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வேறு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அதற்குள் ரமாவே ஒரு கூஜா நிறையக் காப்பி கொண்டுவந்துவிட்டாள்.

“ஒரு வாய் குடியுங்கோக்கா. நேத்து சாயங்காலம்தான் வறுத்து அரைச்சேன். புதுப்பொடி.”

ஜெயசீலி டம்ளரைக் கையில் வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள் என்று அவர் சொன்னாரே. எப்படிச் சொன்னார்? மார்கழியில் அவருக்கு மண்ணெண்ணெய் வாடைகூடத் தெரியாது. ஒருமுறை பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது அதே அடுப்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர். அடைத்த மூக்குக்கு இரண்டு சுவர் தாண்டி வாசனை எப்படிப் போகும்? ஒருவேளை கடைசி நேரத்தில் அப்படி ஏதாவது ஆகுமோ? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. டம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

எலியேசர் வாசல் கேட்டருகிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. அவர் மனைவி பேபி வந்து ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், ஆனால் அவள் கண்களும் நேராகப் பார்க்கவில்லை. ஜெயசீலி ஜன்னல் வழியே எலியேசரைப் பார்த்தபோதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எலியேசருக்குத் தெரிந்திருக்கிறது என்று அவள் நினைத்தாள். தினம் சாயங்காலம் போய் வேதசிரோமணி தன் நண்பனிடம் சொல்லியிருப்பார். வாளி வாளியாக ஊற்றுகிறாள் எலியேசர், தலையைத் துவட்டக்கூட விடுவதில்லை என்று. சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். எலியேசர் இப்போது சிரிக்கவில்லை.

சாயங்காலம் அடக்கம் ஆயிற்று. கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து எல்லாரும் கைப்பிடி மண் போட்டார்கள். கலைந்து போகும்போது எலியேசர் அவள் அருகே வந்தார், முதல் முறையாக. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“அக்கா, நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“எதுக்கு எலியேசர்? அதான் ஆளே இல்லையே.”

“பேரைக் கூப்பிட்டு யாரும் பதில் சொல்லலைன்னா, ‘ஆஜராகவில்லை’ன்னு எழுதி மூடிருவாங்க. கூப்பிட்டு ஆஜராகாத ஆள் இல்லக்கா அண்ணன். அப்படி எழுதக் கூடாது.”

“என்ன சொல்வீங்க?”

“நடந்ததச் சொல்லுவேன்.”

அந்த வார்த்தை அவளைக் குத்தியது. நடந்தது என்றால் எது? அவள் கேட்பதற்குள் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

வியாழக்கிழமை விடிந்தது. கிணற்றடியில் அந்த வாளி மறுபடி கவிழ்ந்து கிடந்தது. சாராள் அதில் துணி நனைக்கப் போனபோது, “அது வேணாம், வேற எடு” என்றாள் ஜெயசீலி. மதியம் வரை துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். நல்ல சாவு, கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார். கஷ்டப்படாமல் என்று ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டாள்.

பொழுது சாயத் தொடங்கியதும் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

“எங்கம்மா இந்த நேரத்துல? நாலு பேரு என்ன நெனப்பாங்க,” என்றாள் சாராள்.

“எலியேசர் வீட்டுக்கு. போர்டுல என்ன சொன்னாங்கன்னு கேக்கணும்.”

“அவரே வந்து சொல்லுவாரு.”

“வர மாட்டாரு,” என்றாள் ஜெயசீலி.

ஏரிக்கரையை ஒட்டி நடந்தாள். கரைக்கு அந்தப் பக்கம் எருமைகள் தண்ணீரை விட்டு ஏறிக்கொண்டிருந்தன. எலியேசர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். ஒருத்தராவது நேருக்கு நேராகச் சொல்லிவிட்டால் நல்லது. மனதுக்குள் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருப்பதைவிட நல்லது.

கதவு திறந்திருந்தது. உள்ளே பம்ப் ஸ்டவ் இரைந்தது.

“பேபி.”

பேபி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். திடுக்கிட்டவள்போல் எழுந்தாள்.

“வாங்கக்கா. இவர் இன்னும் வரல. வர்ற நேரந்தான். உக்காருங்க.”

ஜெயசீலி உட்காரவில்லை. ஸ்டவ்வின் மேல் ஒரு பெரிய குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே நொச்சி இலைகள் சுழன்றன. மஞ்சள் கலந்த அந்த வாசனை அறை முழுக்க இருந்தது.

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

பேபி அவசரமாகத் துணியை எடுத்துக் குண்டானைப் பிடித்தாள். பிடித்தவள் இறக்காமல் நின்றாள்.

“யாருக்கும் இல்லக்கா. இந்த நேரமாச்சுன்னா கை தானா வெச்சிருது. வெச்ச அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு.”

“எந்த நேரம்?”

“அண்ணன் வர்ற நேரம்.”

ஜெயசீலி குண்டானையும் பேபியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா,” என்றாள் பேபி. “நீங்க குண்டானைப் பரண்ல ஏத்துன அன்னைக்கே சாயங்காலம் வந்துட்டாரு. ‘தங்கச்சி, ஒரு குண்டான் வெந்நீர் கெடைக்குமா’ன்னு வாசல்லயே நின்னு கேட்டாரு. தெனம் வந்தாரு. இதோ இந்த முக்காலியிலதான் உக்காருவாரு. இவரோட பட்டாளக் கம்பளியப் போத்திக்கிட்டு நல்லா ஆற அமர ஆவி புடிச்சிட்டு, கொஞ்ச நேரம் பேசிட்டுப் போவாரு.”

“தெனமுமா?”

“ஞாயித்துக்கெழமைகூட. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியம் கேட்டாரு. கிறிஸ்தவன் சத்தியம் பண்ணக் கூடாது அண்ணேன்னு இவர் சொன்னதுக்கு, ‘அப்ப சல்யூட் அடி’ன்னாரு. இவரும் எந்திரிச்சு நின்னு அடிச்சாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ரெண்டு பேரும் சின்னப் பசங்க மாதிரி.”

ஜெயசீலியின் வாய் ஓரம் அசைந்தது.

“செவ்வாய்க்கெழமையும் புடிச்சாரா?”

“புடிச்சாரே. அதான்க்கா…” பேபி கையிலிருந்த துணியைத் திருகினாள். “அந்தச் சூட்டோட பனியில நடந்து போனாரே, அதுலதான் எதாச்சும் ஆயிருச்சோன்னு இவருக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. அக்கா மூஞ்சில முழிக்க முடியலைங்கறாரு. நேத்து உங்க வீட்டு வாசலத் தாண்டி இவருக்குக் காலே வரல.”

ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. ஜெயசீலி பேபியின் தோளில் கையை வைத்தாள்.

“ஹார்ட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு பேபி. சூட்டாலயும் இல்ல, குளிராலயும் இல்ல. எலியேசர்கிட்ட சொல்லு.”

சொல்லி முடித்த பிறகு, அதைச் சொன்னது யார் என்று கேட்பவள்போல் சற்று நின்றாள்.

“நிஜமாவாக்கா?”

“டாக்டர் என்கிட்டதான் சொன்னாரு. மூக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு.” பிறகு மெல்லக் கேட்டாள். “ஆவி புடிச்சா அவருக்கு நல்லா தெறந்துருமா?”

“ஜோரா தெறந்துரும். ராத்திரி மறுபடி அடைச்சுக்கும்னு சொல்லுவாரு. ஆனா வீட்டுக்குப் போறப்ப நல்லா மூச்சு விட்டுக்கிட்டுத்தான் போவாரு.”

“அப்ப போர்டுக்கு என்ன பண்றதா இருந்தாராம்?”

“இவரும் அதத்தான் கேட்டாரு. ‘மார்கழியில என் மூக்கு தானா அடைக்கும், அதுக்கு ஆள் ஒத்தாச எதுக்கு’ன்னாரு. ‘அவ மனசுக்கு அவ செய்யறா, என் மூக்குக்கு நான் செய்யறேன். சொல்லிராதீங்க, பாவம், ஒரு வாரமா தண்ணி எறைச்சிருக்கா’ன்னாரு.”

வெளியே தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. வேறு யாரோ. அது தாண்டிப் போயிற்று.

பேபி மறுபடி துணியால் குண்டானைப் பிடித்தாள். “இத இறக்கிக் கொட்டிடறேன். உங்களுக்கு ஒரு வாய் காப்பி வெக்கறேன்.”

“கொட்டாத.”

“அக்கா?”

“இறக்கி இங்க வை.”

பேபி குண்டானைத் தூக்கி முக்காலிக்கு முன்னால் வைத்தாள். ஜெயசீலி முக்காலியில் உட்கார்ந்தாள். அது அவளுக்குச் சற்று உயரமாக இருந்தது.

“கம்பளி எங்க?”

“கொடியில கெடக்கு. உங்களுக்கும் சளி புடிச்சிருக்காக்கா?”

“ஆமா,” என்றாள் ஜெயசீலி.

பேபி பட்டாளக் கம்பளியை எடுத்து வந்து அவள் தலைக்கு மேல் விரித்துப் போர்த்தினாள். ஓரங்களைத் தரையில் படும்படி இழுத்துவிட்டாள். ஸ்டவ்வை அணைத்தாள். வீடு ஓய்ந்தது. கம்பளிக்குள்ளிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது. முதலில் சீராக, பிறகு அவ்வளவு சீராக இல்லாமல். பேபி வாசல்படியில் போய் உட்கார்ந்து, முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

தண்ணீர் ஆறிப்போயிருக்கும் என்று தோன்றும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயசீலி கம்பளியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. பேபி எழுந்து போய்த் துண்டை நீட்டினாள். நீட்டிவிட்டு, எலியேசரின் சைக்கிள் வருகிறதா என்று பார்க்கத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.